கண்டபடி விட்ட கேட்

என் அப்பா நெவில் டிரான்டர் வாழ்க்கையில் முழு மனதோடு மதித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கேட்டைத் தாண்டிப் போனால் அதைக் கண்டபடி விட்டுவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்ததா, திறந்தே விடு. மூடியிருந்ததா, மூடிவிட்டுப் போ.

பத்தொன்பது வயதில், வறண்ட உள்நாட்டில் இருக்கும் சார்லவில் என்ற ஊருக்கு மேற்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வாரமே, திறந்து கிடந்த ஒரு கேட்டைப் பார்த்து, நல்ல பிள்ளையாக வண்டியிலிருந்து இறங்கிச் சாத்திவிட்டார். தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம், நாற்பது பசுக்கள் இந்தப் பக்கம். இரண்டு நாள் கழித்துதான் யாரோ பார்த்தார்கள். பசுக்கள் பிழைத்துக்கொண்டன. முதலாளி திட்டிய திட்டில் அப்பாவின் காதுதான் பிழைக்கவில்லை.

பிறகு கல்யாணமாகி பண்டபெர்க்குக்கு வந்து, இருபத்தாறு வருடம் நகராட்சியின் புல்வெட்டும் வண்டி ஓட்டினார். மாடு போய்விட்டது, சட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தால் பாலை எடுத்துக்கொண்டு அப்படியே விடுவார். குளியலறைக் கதவைத் திறந்த நிலையில் கண்டால், உள்ளே போன பிறகும் அது திறந்த நிலையில்தான் இருக்கும்.

"நீ எல்லாத்தையும் கண்டபடிதான் விடுற நெவில், அதுல எந்தக் குறையும் இல்ல" என்பார் அம்மா கோரல்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நவம்பரில் நான் வீடு திரும்பியபோது, வீட்டில் ஒரே பேச்சு கேட்டைப் பற்றித்தான். பின்புறம் நீச்சல் குளம் இருக்கிறது. சுற்றிலும் வேலி உண்டு. கேட்டுக்கு மட்டும் கீல் துருப்பிடித்துப் போனதால், ஒரு சங்கிலியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பிரிஸ்பேனில் இருக்கும் என் அக்கா பெலின்டா போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, மேபலுக்கு மூணு வயசு. கையில எது கிடைச்சாலும் தள்ளிப் பாக்குறா. தானா மூடுற கேட் போட்டு, குளத்து வேலி சோதிக்கிற ஆய்வாளர் வந்து பாத்து, சான்றிதழ் என் போனுக்கு வரட்டும். அப்புறம்தான் கிறிஸ்துமஸுக்குக் காரை எடுப்பேன்."

அப்பா பேத்தியை அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தார். அதில் ஒரு முறை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கேட்டும், ஸ்பிரிங் வைத்த இரண்டு கீலும், மேலே குமிழை இழுத்தால் மட்டும் திறக்கும் காந்தத் தாழும் வாங்கி வந்தார். மாட்டும்போது முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"திறந்து வைக்கிறதா மூடி வைக்கிறதான்னு மனுஷன் முடிவு பண்ணணும். இது என்ன, தானா முடிவு பண்ற கேட்டு?"

"உனக்கு முன்னாடி யாராவது முடிவு பண்ணிடணும்ல" என்றார் அம்மா, துணி காயப்போட்டபடி.

ஸ்பிரிங்கை முதலில் இறுக்கமாகத் திருகிவிட்டார். அன்று மாலை, சுட்ட சாசேஜ் தட்டோடு உள்ளே நுழைந்தவரின் பின்பக்கத்தில் கேட் ஓங்கி ஒன்று வைத்தது. அவர் குளத்தில் விழவில்லை. சாசேஜ்கள் விழுந்தன. கோபத்தில் திருப்புளியை எடுத்து ஸ்பிரிங்கை மூன்று சுற்று தளர்த்தினார். அதன்பிறகு கேட் பூனைபோல மெதுவாக வந்து மூடியது. அப்பாவுக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

ஆய்வாளர் டிசம்பர் பதினெட்டாம் தேதி காலையில் வந்தார். வெண்டி கிளஃப் என்று பெயர், நாற்பது வயது இருக்கும், வெயிலில் வறுபட்ட முகம். அப்பா அதிகாலையிலேயே வேலிக்குள் போய் இலை அள்ளி, செத்த தவளைகளை எடுத்து, குளத்தைக் கண்ணாடிபோல ஆக்கியிருந்தார். நான் வெண்டியைப் பின்பக்கம் அழைத்துப் போனேன்.

கேட் அகலத் திறந்து கிடந்தது. அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது.

வெண்டி செங்கல்லைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பெரியவரே, இதை யாரு வச்சது?"

"நான் வைக்கல அம்மணி. காலையில வரும்போதே இருந்துச்சு."

"நான்தான் வச்சேன்" என்று சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "பூந்தொட்டி தூக்கிட்டுப் போனேன். இந்த மனுஷன் பின்னாடியே வந்தாரு, எடுத்துடுவாருன்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா இதை?" என்று வெண்டி அப்பாவிடம் கேட்டார்.

"பாத்தேன்."

"அப்புறம்?"

அப்பா நிமிர்ந்து நின்றார். "கண்டபடி விட்டேன்."

வெண்டி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "எந்த மாட்டுப் பண்ணை?"

"சார்லவில்லுக்கு அந்தப் பக்கம்."

"நான் குவில்பி ஊரு, அதே பக்கம்தான். எங்கப்பாவும் இதே பாட்டுதான்." செங்கல்லைக் காலால் ஒதுக்கினார். கேட் மெல்ல வந்து, டக்கென்று பூட்டிக்கொண்டது. பிறகு குமிழை இழுத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, கையை விட்டார்.

கேட் அங்கேயே நின்றது. நாங்கள் மூவரும் அதையே பார்த்தோம். அது நகரவில்லை.

"அகலமாத் திறந்தா மூடுது. கொஞ்சமாத் திறந்தா சோம்பேறித்தனம் பண்ணுது. எந்த இடத்துல விட்டாலும் மூடணும். இப்ப தேறாது."

"பேத்தி வர்றா அம்மணி" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். வேறு எதற்காகவும் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

வெண்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பாருங்க, அந்தச் சட்டம் மாட்டுக்கு. மாடு தண்ணியைத் தேடிப் போகணும்னு கேட்டைத் திறந்து வப்பாங்க. இங்க வரப்போற கன்னுக்குட்டி தண்ணிகிட்ட தனியாப் போகவே கூடாது. பக்கத்துத் தெருவுல எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. ரெண்டு மணிக்கு வரேன்."

அவர் போனதும் அப்பா செங்கல்லைக் கையில் எடுத்தார். வீட்டைச் சுற்றி நடந்து, முன்வாசலைத் தாண்டி, தெருவோரக் குப்பைத் தொட்டியில் போட்டார். திறந்து கிடந்த அதன் மூடியையும் மூடினார். அம்மா ஜன்னலில் அசையாமல் நின்றார். திருமணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்திராத காட்சி.

பிறகு அப்பா ஸ்பிரிங்கைக் கால் சுற்று இறுக்குவதும், இரண்டு விரல் திறந்து விடுவதும், உதட்டைக் கடிப்பதுமாக இருந்தார். மூன்றாவது கால் சுற்றில் டக் என்று சத்தம் கேட்டது. சாப்பிடக்கூட வராமல் கேட்டருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அது மேபல் ஏறிக் குதிக்க வசதி என்று நான் சொன்னதும், நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போட்டார். இரண்டேகாலுக்கு வெண்டி வந்தார், நான்கு விதமாகத் திறந்து விட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

இருபத்து நான்காம் தேதி பெலின்டாவின் கார் வந்து நின்றது. பெட்டியை இறக்குவதற்கு முன் நேராகப் பின்பக்கம் போனாள். இரண்டு விரல் அளவு திறந்தாள். விட்டாள். டக். இன்னொரு முறை. டக். அதன்பிறகுதான் மேபலைக் காரிலிருந்து இறக்கினாள்.

அப்பா அப்போது வேலிக்குள் நின்று குளத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தார். மேபல் ஓடிவந்து, கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் அம்மாவிடம் திரும்பினாள்.

"பாட்டி, தாத்தாவை ஏன் உள்ள போட்டிருக்கீங்க? என்ன தப்பு பண்ணாரு?"

"ஒன்னா ரெண்டா கண்ணு" என்றார் அம்மா. "இப்படி உக்காரு, சொல்றேன்."