மூன்றாவது முருகன்

பட்டியல் டைப் அடித்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்: அடிப்பது சுலபம், அதில் ஒரு ஆளைத் தேடுவதுதான் பிராணனை வாங்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் கஸ்தூரியும் ஆபரேட்டர்கள். பைத்தான் என்ற புது கம்ப்யூட்டர் மொழியை அவள் ஒரு சிடியைப் பார்த்துக் கற்றாள். நான் அவளைப் பார்த்துக் கற்றேன்.

பேர் ஒன்று, ஆள் வேறு

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து முருகன் என்று ஒரு வெல்டர் வந்தார். ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பட்டியல் எங்களிடம் டைப்பாகிறது என்று கேள்விப்பட்டு, தன் பேர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். பட்டியலில் இல்லையென்றால் அன்று மாலைக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.

பைத்தானில் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளைக்குப் பேரை மட்டும் கொடுத்தேன். பேர் தொடங்கும் எழுத்தின் இடம் 412 என்று வந்தது. அங்கே ஒரு முருகன். ஆனால் பேருக்கு முன்னால் தொழில் 'பெயின்ட்' என்றிருந்தது. "உங்க பேர் இல்லீங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் செத்துப்போச்சு. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சார், அந்தப் பேரை ஒரே ஒர்த்தருக்குத்தான் வெச்சாங்களா?"

நின்ற இடத்திலேயே

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். பேருக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் கொடுக்கலாமாம், எங்கேயிருந்து தேடுவது என்று. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்துதான். அட, இவ்வளவுதானா என்று 412-ஐயே கொடுத்தேன். திரும்பவும் பெயின்ட் முருகன்! மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அவரே வந்தார். கஸ்தூரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவரு மேலயே நின்னுகினு தேடினா அவருதான் வருவாரு. ஓர் எழுத்து தள்ளி நில்லு அண்ணாத்தே!"

நான் கழித்த ஒன்று

413 கொடுத்ததும் இன்னொரு முருகன் வந்தார், அவர் ஃபிட்டர். பட்டியலின் பின்பாதியில் நிராகரிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கே போய் அகப்பட்டு என்ன பயன்? அதற்கும் ஓர் எண் உண்டு, எங்கே நிறுத்துவது என்று. நிராகரிப்புத் தலைப்பு தொடங்கும் இடத்தைக் கஸ்தூரி அதே ஃபைண்டால் பிடித்துச் சொன்னாள். தலைப்பு உள்ளே வந்துவிடக் கூடாதே என்று நான் அதிபுத்திசாலியாக அதில் ஒன்று குறைத்தேன். ஃபிட்டரைத் தாண்டித் தேடினால் 'மைனஸ் ஒன்று' என்று வந்தது. அதாவது, இல்லை. முருகன் மனு எழுதப் பேப்பர் கேட்டார்.

கஸ்தூரி விடவில்லை. "நிறுத்துற இடத்துல கீற எழுத்த அது தொடவே தொடாது. நீ இன்னாத்துக்குக் கொறச்ச?" என்று அந்த ஒன்றைத் திருப்பிக் கூட்டினாள். வந்தார் வெல்டிங் முருகன்! தலைப்புக்கு முந்தின கடைசிப் பேர். நடுவே ஓர் இடம்கூட விடாமல் நான் டைப் அடித்திருந்ததால், என் கழித்தல் அவர் பேரின் கடைசி எழுத்தை வெட்டியிருந்தது. என்ன மூளைங்க அவளுக்கு! "நீங்கதான் கடைசி ஆள்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். முருகன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். "கடைசியா இருந்தா இன்னா சார், உள்ள கீறேன்ல?"

அன்றிலிருந்து யாரிடமும் "உங்க பேர் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால், கஸ்தூரி சீட்டில் இருக்கிறாளா என்று ஒரு தரம் தேடிக்கொள்வேன்.