குழந்தையம்மாளின் ஒட்டுப் புத்தகம்

அன்னூருக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருந்த நஞ்சுண்டன், கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கலாமென்று கோயமுத்தூரிலிருந்து ஒரு கேட்லாக் கொண்டுவந்தார். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு ஒரு எஞ்சின் படம். அந்த வருஷம் பஞ்சு விலை விழுந்தது. எஞ்சின் வரவில்லை. அடுத்து மின்சாரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக, கேட்லாக் பரணுக்குப் போனது. 1933-ல் அதைக் கீழே இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டவள் அவர் மனைவி குழந்தையம்மாள்.

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். எழுதிய தாள் எதையும் கசக்கிப் போட மனசு வராது. இரண்டு குடும்பத்துக் கலியாணப் பத்திரிகைகள், மாட்டுத்தாவணிச் சந்தையில் காளைக்குக் கிடைத்த பரிசுச் சீட்டு, மாமனார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் போட்டோ, மகள் காளியாத்தாள் முதன்முதலில் தாளில் போட்ட கோணல் கோலம் எல்லாம் எஞ்சின் படங்களின் மேல் ஏறின. ஒவ்வொன்றின் கீழும் யார், எந்த வருஷம், என்ன விசேஷம் என்று மையில் எழுதினாள்.

பசையை அவளே காய்ச்சினாள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக இடித்து, கூழாகக் காய்ச்சி, அதில் துளி மயில்துத்தம் கலப்பாள். மயில்துத்தம் விஷம், பூச்சி அண்டாது. ஒட்டிய பக்கத்தின் மேல் பலகை வைத்து, பலகை மேல் அம்மிக் குழவியை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுவாள். தை மாத வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து, நடுநடுவே வசம்புத் துண்டு வைப்பாள். வருகிற உறவுக்காரர்கள் காப்பி குடித்ததும் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

“உம்பட பசை செத்தாலும் உடாது போல,” என்று நஞ்சுண்டனே சொல்வார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவளுக்கு ஒரே தம்பி, வெள்ளியங்கிரி. தாய் தகப்பன் போன பிறகு அக்கா வீட்டில் இருந்து படித்தவன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்துப் போனான். மாதம் ஒரு கடிதம் வரும். அட்டைப்பூச்சி கடித்த கதை, பத்து நாள் வெயிலே காணாத கதை, மலைப்பாதையில் பஸ் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளிய கதை. எல்லாவற்றையும் அவள் ஒட்டினாள். ஒருமுறை பொள்ளாச்சியில் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினான். அவனுக்கு இருந்த போட்டோ அது ஒன்றுதான். அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினாள்.

1934 ஐப்பசியில் வந்த கடிதம் சிறியது. “அக்கா, இங்கே மாசாணியம்மாள் என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டேன். கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்துக் குடும்பம். உங்கள் வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். நீயாவது கோபிக்காதே.”

அவள் கோபிக்கவில்லை. ஆனால் பதிலும் போடவில்லை. கடிதத்தை மட்டும் மற்றவற்றோடு ஒட்டிவைத்தாள். பத்து நாளில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்த பங்காளி ஒருவர் நஞ்சுண்டனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பண்ணையத்துக்கு வருகிற ஆட்களின் சாதியில் பெண் எடுத்துவிட்டான் என்பதே பேச்சு. அப்போது காளியாத்தாளுக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு இடம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கார்த்திகையில் வருவதாக இருந்தது.

“ஏம்புள்ள, அவுங்க வந்தா பொஸ்தகத்தைக் கேப்பாங்க,” என்றார் நஞ்சுண்டன். “அவன் ஒருத்தன் அதுல இருக்கக் கூடாது.”

“தம்பியில்லீன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“இருந்தான், போயிட்டான்னு சொல்லு. கடுதாசி, போட்டோ எல்லாத்தையும் எடுத்துப்போடு. தாளைக் கிழிச்சுராத. அதே தாளுக்கு மறுபக்கம் எங்கப்பன் போட்டோ இருக்குது. கிழிச்ச எடம் தெரிஞ்சா அதையுங் கேப்பாங்க.”

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் மகள் கலியாணம் நிற்கும். நின்றதற்குக் காரணம் அவள் தம்பி என்று ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். போட்டோவை மட்டும் முழுசாக எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில், சீலைக்கடியில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாதபோது கடிதங்களை உரித்தாள். அவை துண்டு துண்டாக வந்தன. போட்டோவின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டாள். ஓரத்தில் கத்தி முனையை விட்டுப் பார்த்தாள். பசை இம்மியும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று இன்னொரு துணியைப் போட்டாள். பிறகு துணியை எடுத்தபோது அதோடு படமும் வந்தது. கண்ணும் மூக்கும் ஒரு வழவழப்பான சவ்வாகத் துணியில் சுருண்டு கிடக்க, தாளில் கோட்டுக் கை ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சவ்வை விரித்துத் தாளில் பொருத்தப் பார்த்தாள். விரல் பட்ட இடமெல்லாம் கரைந்தது.

சாயங்காலம் நஞ்சுண்டன் கடிதத் துண்டுகளை அடுப்பில் போட்டார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்தில் காலண்டரிலிருந்து வெட்டிய முருகன் படத்தை ஒட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், புத்தகத்தைப் புரட்டினார்கள், முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தையில் கலியாணம் முடிந்தது. ஒரு வருஷம் கழித்து, பேத்திக்குக் காது குத்த வந்த சம்பந்தி சென்னிமலை சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது சாதாரணமாகச் சொன்னார்:

“உங்க தம்பி சமாச்சாரமெல்லாம் எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. பொள்ளாச்சியில எங்களுக்கும் ஆளிருக்குதில்லீங்க? அதுக்கென்னுங்க, உங்க பூமி நல்லாருந்துச்சு, வந்துபோட்டோம்.”

நஞ்சுண்டன் சிரித்தார். குழந்தையம்மாள் எழுந்து உள்ளே போனாள். அன்று ராத்திரியே தம்பிக்கு எழுத வேண்டும் என்று நினைத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நாட்கள் மாதங்களாயின.

1937 ஆடியில் ஒரு காலை, வேலிப் படலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கழுத்தில் எதுவும் இல்லை.

“ஏனுங்க, குழந்தையம்மா ஊடுங்களா?”

“ஆமா. யாரு?”

“மாசாணிங்க. வால்பாறையிலிருந்து வாரேனுங்க.”

உள்ளே வா என்று சொல்லக் குழந்தையம்மாள் வாயெடுத்தாள். மாடு கட்டும் கட்டுத்தரையில் நஞ்சுண்டன் நின்றுகொண்டிருந்தார். அவளே படலருகே போனாள்.

வெள்ளியங்கிரி சித்திரையில் மலைக்காய்ச்சலில் போய்விட்டான் என்று மாசாணியம்மாள் சொன்னாள். ஏழு நாள் காய்ச்சல். கடைசி இரண்டு நாள் நினைவில்லை. கடிதம் எழுதிப்போட எழுத்துத் தெரிந்த ஆள் இல்லாததால் நேரில் வந்திருக்கிறாள்.

“சோத்துக்கோ துணிக்கோ வரலீங்க. அவரு அடிக்கடி சொல்லுவாருங்க, எங்கக்கா பொஸ்தகத்துல நான் கோட்டுப் போட்டுட்டு நிக்கிறேன்னு. இவளுக்கு ரண்டு வயசு. அப்பன் மூஞ்சி மறந்துபோகுமுங்க. ஒருக்கா இவ கண்ணுல காட்டுனீங்கன்னா போதுமுங்க. தொட மாட்டனுங்க.”

குழந்தையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது.

“பூச்சி அரிச்சுபோட்டுது, கண்ணு,” என்றாள்.

மாசாணியம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அவளே ஆறுதல் சொன்னாள். “அழுகாதீங்க. மலையில எங்களுக்கும் எதுவும் நிக்கிறதில்லீங்க. ஈரத்துல எல்லாம் போயிருமுங்க.”

குழந்தையம்மாள் ஓடிப்போய் ஒரு படி கம்பும் வெல்லமும் எடுத்து வருவதற்குள் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நடக்கத் தொடங்கியிருந்தாள். குழந்தை தோள் வழியே திரும்பிப் பார்த்தது. அதற்கு அவன் நெற்றி, அவன் புருவம்.

அன்று மத்தியானம் அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு வெறும் பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். “என் தம்பி வெள்ளியங்கிரி, 1937 சித்திரையில் காலமானான். மனைவி மாசாணியம்மாள். மகள்” என்பது வரை எழுதினாள். குழந்தையின் பெயரைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எஸ்டேட்டுக்கு மாசாணியம்மாள் பேருக்கு ஒரு கார்டு போட்டாள். ஒரு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. கணக்குப்பிள்ளை செத்த பிறகு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், போன இடம் தெரியாது என்று யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். இரண்டு முறை பொள்ளாச்சி போய்வந்த ஆட்களிடம் விசாரிக்கச் சொன்னாள். ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

பேத்திக்கு மூன்று வயது முடிந்தபோது காளியாத்தாள் ஒரு போட்டோ அனுப்பினாள். நஞ்சுண்டன் அதைக் கொண்டுவந்து நீட்டினார். “ஒட்டி வெய்யி. சம்பந்தி வாரபோது கேப்பாரு.”

“கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க,” என்றாள் குழந்தையம்மாள்.

அவர் வற்புறுத்தவில்லை. போட்டோவைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. முறத்துக் கம்பில் கிடக்கும் கல்லைத் தூரத்திலிருந்தே பார்த்து எடுத்துப்போடுவாள்.