கொள்ளிடக்கரை பங்களாவில் தங்கிய நாற்பத்து மூன்று பேர்

போன வாரம் வாசகர் ஒருவர் படம் போட்ட பழைய போஸ்ட் கார்டு ஒன்றை அனுப்பியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். கொள்ளிடக்கரை, நாலைந்து தென்னை, நடுவே ஓட்டுக் கூரையோடு அரசாங்க விருந்தினர் மாளிகை. பின்பக்கம் இரண்டே வரி: 'இங்கே பெரிய பெரிய ஆட்களெல்லாம் தங்கினார்களாம். சரித்திரத்தை எழுதுங்களேன்!'

கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் இருப்பதால், இந்த வட்டாரத்தில் ஆட்டுக்கொட்டகைக்குக்கூட சோழ ராஜா அடிக்கல் நாட்டியதாகச் சொல்வார்கள். இந்த மாளிகைக்கு ஒரு வெள்ளைக்கார துரையாவது தேறமாட்டாரா? ஆசையோடு தா.பழூருக்கு பஸ் ஏறினேன்.

துரை தேறவில்லை. வாட்ச்மேன் மாணிக்கம்தான் தேறினார். ஐம்பது வயது, காக்கிச் சட்டை.

"நான் வேலைக்கு வந்த நாளா ஒரு துரையும் வரலைங்க சார். வந்தவங்கள்லாம் இதுல இருக்காங்க" என்று ரிஜிஸ்டரை நீட்டினார்.

புரட்டினேன். என்ஜினீயர், என்ஜினீயரின் மச்சான், மச்சானின் சிநேகிதர்... 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் — 'ஆய்வு'. மச்சான் எதை ஆய்வு செய்திருப்பார்? கொள்ளிடத்து மீனையா?

ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறு. நாற்பத்து மூன்று பேர். பதவி: கூலி வேலை. வந்த நோக்கம்: 'உயிர் பிழைக்க'. கடைசியாக, 'பெண் குழந்தை, வயது ஒரு நாள்'.

"இது என்னங்க?"

மாணிக்கம் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் வந்த வெள்ளம். கரையோரக் குடிசைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. மேட்டில் இருந்தது இந்த மாளிகை ஒன்றுதான். அதுவும் பூட்டிக் கிடந்தது. ஏன்? வெள்ளத்தைப் பார்வையிட மந்திரி வருகிறார்... அவருக்காக ரிசர்வ் செய்தாகிவிட்டது!

"புள்ளத்தாச்சி ஒருத்தி மழையில நிக்கிறா சார். சாவி என் இடுப்புல இருக்கு. தொறந்துட்டேன்."

மந்திரிக்காகப் போட்டிருந்த கட்டிலில் குழந்தை பிறந்தது. மந்திரிக்காக வாங்கிய புதுப் படுக்கை விரிப்பில்தான் அதைச் சுற்றினார்கள்.

மறுநாள் காலை, மந்திரிக்கு முன்னால் ஆபீஸ் ஹெட்கிளார்க் வந்து சேர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு மயக்கம் வராத குறை.

"மாணிக்கம், பூட்டை உடைச்சு உள்ள பூந்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடு. உன் வேலை தப்பிக்கும்."

"அவங்க கதி என்னாவுறதுங்க?"

"அத போலீஸ் பாத்துக்கும்."

மாணிக்கம் மூன்று பெண்களுக்குத் தகப்பன். இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம் இல்லாமயா சார்? ரிஜிஸ்டர எடுத்தேன். ஒவ்வொருத்தர் பேரா கேட்டு எழுதி, 'நானே திறந்துவிட்டேன்'னு கீழ கையெழுத்தும் போட்டுட்டேன். இனிமே பூட்ட ஒடச்சாங்கன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

மந்திரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே போட்டோகிராபர். மந்திரி குழந்தையைத் தூக்கினார் — பளிச்! அடுத்த நாள் பேப்பரில் செய்தி: 'மந்திரியின் உத்தரவின் பேரில் விருந்தினர் மாளிகை ஏழைகளுக்குத் திறந்துவிடப்பட்டது.'

ஆபீசுக்குத் தர்மசங்கடம். மாணிக்கம் செய்தது குற்றமென்றால் மந்திரியின் உத்தரவும் குற்றமாகிவிடுமே! அதற்காக மெமோ கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு வாரம் மூளையைக் கசக்கிக் கொடுத்தார்கள்: 'புதிய படுக்கை விரிப்பு ஒன்று காணாமற்போனது எப்படி?'

"என்ன பதில் எழுதினீங்க?"

"காணாம போவலைங்க, புள்ள மேல இருக்கு, உருவ மனசு வரலைன்னு எழுதுனேன்."

'இனி எச்சரிக்கையாக இருக்கவும்' என்று ஓர் உத்தரவு வந்தது. வேலை தப்பியது. அந்தப் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன பெயரோ, ஊரில் 'பங்களா' என்றால்தான் தெரியும்.

"உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் ஏதும் வரலையா?"

மாணிக்கம் சிரித்தார். "அது மந்திரி வூட்டுக்குப் போயிருக்கும் சார்."

கதவைத் திறப்பவர் ஒருவர்... திறப்பு விழா வேறொருவருக்கு!