ஆவிக்கு ஆகாத சிவப்பு ஷீட்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் சின்னராசா பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பூட்டிப் பழுதுபார்ப்பவராக, இருந்தார். அவரைத் துணிச்சல்காரர் என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

இயந்திர மூடிகள் ஒழுகாமலிருக்க இடுக்கில் வைக்கும், சூடு தாங்கும் வளையங்களுக்கு ரப்பர் ஷீட் தேர்ந்தெடுப்பதில் அவருக்கொரு வழக்கம் இருந்தது. ஒரு துண்டை வெட்டி, தேயிலை காயவைக்கும் ட்ரையரின் விறகடுப்புக் கதவில் பகல் முழுக்கச் செருகிவைப்பார். கருகாமல் வளைந்துகொடுத்தால் தேறியது. அதுவரை அங்கிருந்த சூடெல்லாம் உலர்ந்த சூடு என்பதால் அந்தச் சோதனை பொய்த்ததில்லை.

1998இல், ஒரு ட்ரையரை மட்டும் விறகடுப்பில் விட்டுவிட்டு, மற்றதற்கு ஆவி பாய்லர் பூட்டினார்கள். பாய்லரைக் கழுவத் திறக்கும் கீழ்மூடியின் வளையம் நைந்துபோனபோது, சின்னராசா சிவப்பு சிலிக்கன் ஷீட்டை வழக்கம்போல அடுப்புக் கதவில் சோதித்தார். தேறியது. வெட்டிப் போட்டார்.

சில வாரம் கழித்து போல்ட் வாங்கப் பதுளைக்குப் போனார். அந்த ஷீட்டை விற்றிருந்த இரும்புக்கடை ஜுனைதீன் பேச்சோடு கேட்டார்.

"அந்த சிவப்பு ஷீட்ட எங்க போட்டீங்க?"

"பாய்லர் மூடிக்கு, முதலாளி."

"அல்லாவே! அது காஞ்ச சூட்டுக்கு உள்ள சாமான். ஆவி பட்டா களி மாதிரி ஆகிரும். பிச்சிக்கிட்டா முன்னால நிக்கிற ஆள் அவிஞ்சிருவான்."

மூடிக்கு நேரெதிரே சல்லடை அறையின் வாசல். அங்கே தேயிலைத் தூள் அள்ளுபவள் சின்னராசாவின் மனைவி ரெங்கம்மா.

கடைத் தொலைபேசியில் தொழிற்சாலைக்கு அடித்தார். மழையில் லைன் செத்திருந்தது. ஆவிக்கென்று விற்கும் சாம்பல்நிற ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பசறை மலைப்பாதை வளைவுகளில் பிரேக் 'புஸ்' என்று காற்றை விட்டபோதெல்லாம் அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார்.

தொழிற்சாலையில் பாய்லர் முழு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னராசா நேரே தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் இரகுநாதனிடம் ஓடினார்.

"ஐயா, பாய்லர நிறுத்துங்க. நான் போட்ட ஷீட்டு தப்புங்க."

"விசர் பிடிச்சிட்டுதே உமக்கு? அரைச்ச கொழுந்து காத்துக்கொண்டு கிடக்கு. எங்கையாவது ஒழுகுதே?"

"ஒழுகலங்க."

"ஒழுகாததை ஏன் நிப்பாட்டச் சொல்லுறீர்?"

சின்னராசா திரும்பி ஓடினார். பின்வாசலால் சல்லடை அறைக்குள் புகுந்து, ரெங்கம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மற்றப் பெண்களையும் வரச்சொல்லிக் கத்தினார்.

"பட்டப்பகல்லயே கையப் புடிச்சு இழுக்கிறாரு, பாருங்கடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"விடுங்க, மானம் போகுது," என்றாள் ரெங்கம்மா. அவர் விடாமல் இழுக்கவே, அவள் தூளைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடினாள்.

பின்னாலேயே வந்த இரகுநாதன், சொந்த மனைவியையே இழுத்துக்கொண்டு ஓடும் மனிதரைப் பார்த்தார். "பாய்லர் நெருப்பை வெளியில இழுத்துப் போடுங்கோ," என்றார், வெறுப்போடு. ஆவி ட்ரையர் நின்றதால் கொழுந்து புளித்து வீணானது.

பாய்லர் ஆறியபின் மூடியைக் கழற்றினார்கள். வளையத்தின் வெளிவிளிம்பு புதிதுபோல் சிவந்திருந்தது. சின்னராசா உள்விளிம்பை விரலால் அழுத்தினார். அது பிசினாக விரலோடு வந்தது. இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கலாம்; ஒரு மணிநேரம் தாங்காமலும் போயிருக்கலாம். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. வீணான கொழுந்துக்கு எல்லாருமே சாட்சி. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதில் அநியாயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மறுநாள் சாம்பல்நிற வளையத்தோடு பாய்லர் மீண்டும் சூடேறியது. சரியான ஷீட்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் முந்தையதையும் அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். வேலைக்கு வந்த ரெங்கம்மாவைத் தொழிற்சாலை வாசலில் மறித்தார்.

"இன்னிக்கு மட்டும் பின்வாசலால போ, புள்ள."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், பின்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.