கமலவேணியின் பக்ரீத் தண்ணீர்

கமலவேணி என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, குடியாத்தத்தில் ஒரு வளைகாப்பு வீட்டில். எண்பத்து நாலு, தை மாதம். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை ஈரம் காயாமல் செருப்பைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு ஓடினாள். யாரென்று கேட்டேன். பெற்றவள் தாயாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் பொண்ணு கமலவேணிதான், அக்கா. ஆம்பூர் பஸ்ஸைப் புடிக்க ஓட்றா. அவ வளக்குற பூச்சிங்களுக்குப் பசிக்குதாம்!"

தாயாரம்மாளின் வீட்டுக்காரர் சம்பந்தம், என் சின்ன ஓர்ப்படிக்குக் கூடப்பிறந்த தம்பி. லுங்கித் தறி போட்டிருக்கிறவர். அவர் மகள் ரசாயன இன்ஜினீயரிங் படித்துவிட்டு, அதற்கும் மேலே டாக்டர் பட்டத்துக்கு மெட்ராஸில் சேர்ந்திருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தோல் ஊறிய கழிவுத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குத் தின்னக் கொடுத்தே சுத்தம் செய்ய முடியுமா என்கிற ஆராய்ச்சி. அதற்காக ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரி முதலாளி ஒருவர் கொல்லைப்பக்கம் சிமெண்டுத் தொட்டி ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார். தினம் பஸ்ஸில் அலைவானேன், என் வீடு அங்கேதானே இருக்கிறது என்று நானே அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன்.

என் வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பாள். உலை கொதித்தால் நின்று காது கொடுப்பாள். "என் தொட்டி இந்த மாதிரி சத்தம் போடணும் அத்தை. காத்து கம்மியானா எல்லாம் செத்துடும்." பேச்சு நடுவில் முந்தானையை மோந்து பார்ப்பாள், தொட்டியின் வாடை மாறினால் புடவை காட்டிக்கொடுக்குமாம். கரண்ட் போனால் காற்றடிக்கிற மோட்டார் நின்றுவிடும். உடனே சைக்கிள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டுக் கையாலேயே அடிப்பாள். டேனரி மேஸ்திரி மஹபூப் பாஷா சிரிப்பார்.

"இன்னாம்மா, தொட்டி பஞ்சரா?"

ஆவணிக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து பேராசிரியர் வந்து பார்த்துச் சரியென்றால் எழுத உட்காரலாம். பட்டம் கைக்கு எட்டின தூரம். அந்த நேரம் பார்த்துப் பக்ரீத் வந்தது.

தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பக்ரீத் என்றால் பக்கத்து வீட்டுப் பிரியாணி. லீவு நாளில் பூச்சிகள் பட்டினி கிடக்கக்கூடாதென்று வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். அதோடு பண்டிகை முடிந்ததென்று நினைத்தாள். மறுநாளிலிருந்து ஊர் ஊரிலிருந்தும் குர்பானி கொடுத்த ஆட்டுத் தோல் லாரியில் வந்து குவிந்தது. அத்தனையையும் ஒரே மூச்சில் பதனிட முடியாது. முறை வரும்வரை கெடாமல் கிடக்க உப்பை அள்ளி அள்ளிப் போட்டு அடுக்குவார்கள். ஊறவைக்கும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். மஹபூப் பாஷாவுக்கு இது பொழுது விடிகிற மாதிரி. சொல்லவேண்டிய சங்கதி என்றே தோன்றவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரை எப்போதும்போல ஊற்றினாள். உப்பில் கிருமிகள் செத்து, தொட்டி கஞ்சியாக வெளுத்து நாறியது.

"எல்லாம் போச்சு அத்தை" என்றாள். நடக்காமல் நின்ற இடத்தில் நின்று அவள் பேசியது அன்றைக்குத்தான்.

பேராசிரியர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "பண்டிகைக்கு முன்னாடி எடுத்த அளவெல்லாம் நல்லாத்தானே இருக்கு? அதோட நிறுத்தி எழுதிடும்மா. வருஷத்துல ஒரு மாசம் உப்பு வந்தா வந்துட்டுப் போகுது."

"அந்த ஒரு மாசந்தான் சார் தண்ணி ஜாஸ்தி."

"அப்போ மொதல்லேருந்து வரணும். அடுத்த பக்ரீத் வரைக்கும் காத்துக் கிடக்கணும். யோசிச்சுக்கோ."

"சரி சார்" என்றவள் வாளியை எடுத்து, அவர் நிற்கும்போதே தொட்டியை இறைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சேதி கேட்டுச் சம்பந்தம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டம் வாங்கினதும் கல்யாணம் என்று ஆரணியில் பேசி வைத்திருந்தார்கள். "அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? தறியில பாவு நூலு நாலு இழை அறுந்தா முடிஞ்சி நெய்வாங்களா, முழுப் பாவையுமே அவுத்துப் போடுவாங்களா?"

"பாவே தப்புப்பா" என்றாள், கூடத்தில் நடந்துகொண்டே. மனுஷர் காப்பியைத் தொடாமல் போய்விட்டார். ஆரணிக்காரர்கள் கார்த்திகையில் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

தோல் உப்புப் போடுகிற தரையோரம் கிடந்த சேற்றைச் சுரண்டி வந்தாள். அவ்வளவு உப்பிலும் சாகாமல் அதில் ஏதோ வழவழவென்று பிழைத்துக் கிடந்ததாம். அதைத் தொட்டியில் விட்டு, உப்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கினாள். ஒரு பிடி கூடிப்போனால் மறுபடி வெளுக்கும். மறுபடி சேறு, மறுபடி வாளி. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

"உப்பு போட்டுத் தின்னா உன் பூச்சிங்களுக்கு ரோஷம் வந்துரும்மா" என்றார் மஹபூப் பாஷா. "அப்புறம் உன் பேச்சைக் கேக்காது."

"நான் யார் பேச்சைக் கேட்டேன், பாய்?"

இந்த வருஷத்துப் பக்ரீத் போன வாரம் முடிந்தது. தோல் வந்து இறங்கிவிட்டது. முதல் வாளி உப்புத் தண்ணீரை வேறு யாரையும் தொடவிடாமல் அவளே ஊற்றினாளாம். தொட்டி இன்னும் வெளுக்கவில்லை என்று காலையில் மஹபூப் பாஷா வந்து சொல்லிவிட்டு, அவளுக்கென்று என்னிடம் தூக்குவாளியில் சோறு வாங்கிப் போனார். நேற்றுக் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது. கமலவேணி டேனரியில் இருக்கிறாள்.