நான்கு நிமிடம், பதினோரு வினாடி

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் எங்கள் தேவாலயத்தில் ஒரு சின்ன விபத்து. யாருக்கும் அடிபடவில்லை... செல்வநாதன் அண்ணனின் மானத்தைத் தவிர.

ஆராதனை தொடங்கும் முன் ரெஜினா அக்கா ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பரோக் காலத்து இசை. ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒருவர் எழுதியது. நிதானமானது. ஒரு வரி முடிந்தது. அமைதி. சபைச் செயலாளரான செல்வநாதன் அண்ணன் எழுந்தார், மைக்கைப் பிடித்தார், “எல்லாருக்கும் காலை வணக்கம்” என்றார்.

அடுத்த வரி தொடங்கிவிட்டது!

உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மறுபடியும் அமைதி. மறுபடியும் எழுந்தார். மறுபடியும் ஆர்கன். கடைசியில் இசை உண்மையாகவே முடிந்தபோது அவர் அசையவே இல்லை. சபை மொத்தமும் அவரைப் பார்க்க, அவர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே கோப்பி குடிக்கும்போது வெடித்தார்.

“அக்கா ரொம்ப ஸ்லோ ஆயிட்டாங்க லா. வயசாச்சுல்ல? ஒரு லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவுல நான் சிம்பாங் பூலாய் போய் கோப்பிய பையில கட்டி தாப்பாவ் பண்ணிட்டு வந்துரலாம்!”

“மைக்கை ஆன் பண்ணது அக்காவா அண்ணே?” என்று சிரித்தேன்.

“சிரிங்க தம்பி, சிரிங்க. புதன்கிழமை கமிட்டில பேசத்தான் போறேன். கீபோர்டு வாசிக்க வேற ஆளு இருக்கு. ஈஸ்டருக்கு முன்னாடி மாத்திரணும்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ரெஜினா அக்கா பத்து காஜா ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த ஆர்கனுக்கு அவர்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். “ஞாயித்துக்கிழமை யாரு வாசிக்கிறது?” என்று கேட்டே தட்டிக்கழித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு இப்போது கமிட்டி வேறொரு பதிலைக் கண்டுபிடிக்கப் போகிறது!

என்னிடம் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, பஸ் எத்தனை நிமிடம் தாமதம் – எல்லாம் தேதி போட்டு அதில் இருக்கும். பிரசங்கத்தின் நீளமும்கூட. (போதகர் என் பக்கம் திரும்பாமல் பிரசங்கம் செய்வது அதனால்தான்.) ரெஜினா அக்காவின் ஆர்கனும் இருக்கிறது. அன்று மதியமே பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அதே இசைக்கு ஐந்து வருடங்களுக்கு முன் நான்கு நிமிடம் பத்து வினாடி. போன வருடத் தொடக்கத்தில் நான்கு பன்னிரண்டு. அந்த ஞாயிறு? நான்கு நிமிடம், பதினோரு வினாடி.

அக்கா ஒரு மயிரிழைகூட மெதுவாகவில்லை!

புதன்கிழமை கமிட்டியில் வக்கீல்போல எழுந்து நின்று வாசித்துக் காட்டினேன். செல்வநாதன் அண்ணன் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நம்பர் சரி தம்பி. ஆனா காது பொய் சொல்லுமா? எனக்கு மட்டுமா ஸ்லோவா கேக்குது? இவங்க எல்லாருக்கும்தான் கேக்குது.”

ஐந்து தலைகள் ஆடின. வரும் ஞாயிறு எல்லாரும் கவனித்துக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது என்று தீர்மானமானது.

பாதி வெற்றி என்ற நினைப்பில், வியாழன் காலை குனோங் ராபாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, நோட்டையும் நீட்டினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அஞ்சு வருஷமா மாறவே இல்லையா? கார்ப்பெட் போட்ட பிறகுமா?”

“ஒரு வினாடி அப்படி இப்படி. அவ்வளவுதான் அக்கா.”

“ஐயோ தம்பி... நீங்க எனக்குச் சாட்சி சொல்லல. என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். ஆர்கனில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது, மெல்ல அழுத்தினாலும் குறையாது. எப்போது அழுத்துவது, எப்போது விரலை எடுப்பது – ஒலி வகையை மாற்றாமல் வாசிக்கும்போது வாசிப்பவர் கையில் இருப்பது இந்த நேரம் ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்து இசைத் தாள்களில் வேகம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. தாளத்தின் வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் பிற்பாடு வந்த கருவி. அப்படியானால் சரியான வேகத்தை யாரிடம் கேட்பது?

“கட்டடத்துக்கிட்டதான் கேக்கணும்,” என்றார் அக்கா. “நம்ம பழைய கூரை எனக்குப் பாதி வாசிச்சுக் குடுத்துச்சு தம்பி. நான் விரலை எடுத்த பிறகும் அது பாடிக்கிட்டு இருக்கும். அது முடிக்கட்டும்னு காத்திருந்துதான் அடுத்த லைனைத் தொடுவேன். இப்ப யாருக்காகக் காத்திருக்கேன்?”

போன வருட நடுவில்தான் தேவாலயத்தைப் புதுப்பித்தோம். உயரமான கூரைக்குக் கீழே தாழ்வாக ஒரு சீலிங், ஏர்கான். சிமெண்டுத் தரைக்கு மேலே கார்ப்பெட். மரப் பெஞ்சுகளுக்குப் பதிலாக மெத்தை நாற்காலிகள். வேலை முடிந்த தேதியைக்கூட நோட்டில் குறித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தையும் ஆர்கன் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

“எதிரொலி போனது உங்க காதுக்குத் தெரியலையா அக்கா?”

“முப்பது வருஷமா கேட்டதத்தான் தம்பி காது கேக்கும்.”

திரும்பி வரும் வழியில் என் மச்சான் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஒரு மர நிரையிலிருந்து நாலு நிரை தள்ளி இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டை. தோட்டம் போய், சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீட்டுக்கு வந்து வெகுகாலம் ஆயிற்று. இன்றும் அவர் “உப்பு எடு” என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று எட்டிப் பார்க்கிறார். மச்சான் குரல் கொஞ்சமும் கூடவில்லை. நடுவில் இருந்த மரங்கள்தான் போய்விட்டன. நம்மில் எத்தனை பேர் இப்படி, இல்லாத தோட்டத்துக்குக் கத்திக்கொண்டிருக்கிறோம்?

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் மட்டும் தேவாலயத்துக்குப் போனோம். அவர் நட்ட நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார்.

“என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணும் இல்லையே.”

“அதான்.”

நான் புத்திசாலித்தனமாக, “எக்கோ பட்டன் இருக்கே அக்கா?” என்றேன். எங்களுடையது மின் ஆர்கன். பட்டனை அழுத்தி நாலு ஸ்வரம் வாசித்தார். உடனே நிறுத்தினார். “குளியலறையில குந்திக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு. வேணாம்.”

பிறகு வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து, “மூணு நிமிஷம் அஞ்சு வினாடி!” என்று கத்தினேன்.

“கடிகாரத்தைப் பைக்குள்ள போடுங்க. காதுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தயங்கித்தான் சொன்னேன்: “பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கு அக்கா.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வேகத்தைக் கொஞ்சம் தணித்தார். முன்பெல்லாம் சீக்கிரம் எடுத்துவிடும் விரலை, இப்போது வரியின் கடைசி ஸ்வரத்தில் விட்டுவைத்தார். முன்பு கூரை இழுத்த மிச்சத்தை இப்போது அந்த விரல் இழுத்தது. வரிகளுக்கு நடுவே இருந்த ஓட்டைகள் ஒவ்வொன்றாக மூடின. பதினோராவது முறையோ பன்னிரண்டாவது முறையோ... நான் எண்ணவில்லை. “இது இது இது!” என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த வயதில், முப்பது வருடப் பழக்கத்தை ஒரே காலையில் விரல்களிலிருந்து பிடுங்கியிருக்கிறார்.

கடந்த ஞாயிறு. கமிட்டி மொத்தமும் முன்வரிசையில். அக்கா தொடங்கினார். முதல் வரி முடிந்தது. செல்வநாதன் அண்ணன் மைக்கை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். இரண்டாவது வரி... மூன்றாவது... கடைசி ஸ்வரம் அடங்கியதும் சரியாக எழுந்து, “எல்லாருக்கும் காலை வணக்கம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கோப்பி நேரத்தில் தேடி வந்து என் தோளைத் தட்டினார்.

“பாத்தீங்களா தம்பி? கமிட்டில ஒரு வார்த்தைதான் பேசினேன், அக்கா பழைய மாதிரியே வாசிச்சிட்டாங்க! ஈஸ்டருக்கு அவங்களே இருக்கட்டும் லா. எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க.”

சற்றுத் தள்ளி அக்கா, குனிந்து, தன் கோப்பியை வெகு நேரம் கலக்கிக்கொண்டிருந்தார். நோட்டு என் பையில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆதாரம் கையில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தேதி போட்டு எழுதினேன்: மூன்று நிமிடம், முப்பத்து நான்கு வினாடி. பழைய மாதிரியே.