பறக்கத்து எத்தனை?

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு நான் கணிதம் படிப்பித்த முதல் வருடத்தில், அந்த வகுப்பறை தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போலவே எனக்குத் தோன்றும். அரைச்சுவருக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்கும். கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் இறங்கும் வெயில் மேசைகளின் மேல் வட்ட வட்டமாக அசையும். சோக்குத் தூள் அந்த வெளிச்சத்துக்குள் மெல்ல நீந்தும். வெள்ளை முக்காடுகளுக்குள் முப்பது முகங்கள். ஒரு வாயும் திறவாது.

"விளங்கிச்சா?" என்று கேட்பேன்.

"ஓம் டீச்சர்."

"விளங்கல்லயா?"

"ஓம் டீச்சர்."

அட்சரகணிதம் தொடங்கியிருந்தேன். கரும்பலகையில் எக்ஸ் என்று எழுதினால் முப்பது கொப்பிகளிலும் அதைவிட அழகான எக்ஸ் வந்துவிடும். அது எத்தனை என்று கேட்டால் தலைகள் குனிந்துவிடும்.

எண்பதுகள் தொடங்கிய நேரம் அது. பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "உங்கட வகுப்பு மையத்து ஊடு மாதிரிச் சத்தமில்லாமக் கிடக்கு டீச்சர். அடுத்த தவணைக்குப் புதுசா ஒரு சேர் வாறார். கணக்க அவருக்கிட்ட குடுத்திட்டு நீங்க மனையியல் எடுங்களன்."

மனையியலில் குறை ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் உம்மா இன்றும் பெருவிரலைத்தான் மையில் தோய்க்கிறார். பெட்டைக்குக் கணக்கு ஓடாது என்று சொன்ன சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் நான் கணிதத்தில் திறமைச் சித்தி எடுத்தவள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தவணை முடிய மூன்று கிழமைதான் இருந்தது.

அடுத்த நாள் வீட்டிலிருந்து அரிசி அளக்கும் கொத்தையும் சுண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நான்கு சுண்டு ஒரு கொத்து. அது அடுப்படியில் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கடற்கரை ஈரமணலை ஒரு சட்டியில் நிரப்பி மேசையில் வைத்தேன். சட்டிக்குள் எத்தனை கொத்து என்று தெரியாது, அந்தத் தெரியாததுதான் எக்ஸ் என்று காட்டுவது என் எண்ணம். முன்வரிசையில் மிகச் சிறியவளாக இருந்த ஒரு பிள்ளையை அளக்கச் சொன்னேன். அவள் வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல்.

அவள் முதற்கொத்தை அள்ளிக் கொட்டினாள். "பறக்கத்து," என்றாள். அடுத்ததைக் கொட்டி, "ரெண்டு," என்றாள்.

களவெட்டியில் நெல் அளக்கும்போது எங்கள் ஆட்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். இறைவன் பெருக்கித் தரட்டும் என்று பறக்கத்தில்தான் தொடங்குவார்கள். என் வாப்பாவும் அப்படித்தான். ஆனால் நான் படித்தவள் அல்லவா? "பறக்கத்து இல்ல, ஒண்டு எண்டு சொல்லுங்க," என்று திருத்தினேன். அவள் கொத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தன் வாங்கில் இருந்துவிட்டாள். மறுபடியும் தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே மூடிக்கொண்டது.

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப பறக்கத்து எத்தன டீச்சர்?"

அந்த வகுப்பு என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் சோக்கை எடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்தவள் முந்திக்கொண்டாள்.

"ஒண்டுதான் புள்ள. ரெண்டுக்கு முன்னால வேற என்ன வாற?"

"இல்லகா. எங்கட வாப்பா பறக்கத்துக்கு அள்ளுற மரைக்கால குவிச்சுத்தான் அளப்பாரு. அது ஒண்டவிடக் கூட."

"எங்கட வாப்பா மட்டமாத்தான் அளப்பாரு."

"அதான் உங்கட ஊட்டுல பறக்கத்து இல்ல!"

கூரையே அதிரும்படி சிரித்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகையில் எக்ஸை அழித்துவிட்டுப் 'ப' என்று எழுதினேன். சிறியவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "உங்கட வாப்பா அளக்கிற மாதிரியே அளங்க."

அவள் முதற்கொத்தைக் கோபுரமாகக் குவித்துக் கொட்டினாள். பிறகு மட்டமாக மூன்று. கொட்டிய மணல் முழுவதையும் சுண்டால் அளக்கச் சொன்னேன். இப்போது யாரும் வாங்கில் இருக்கவில்லை. மேசையைச் சுற்றி ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து எண்ணினார்கள். பதினேழு சுண்டு. மட்டமான மூன்று கொத்து பன்னிரண்டு சுண்டு.

ப + 12 = 17.

"அஞ்சு!" என்று கத்தினார்கள். மட்டமாக அளக்கும் வாப்பாவின் மகள் மட்டும், "எங்கட ப நாலு டீச்சர். ஆளுக்கு ஆள் ப மாறும்," என்றாள். இரண்டு மாதமாக நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

அதிபர் அரைச்சுவருக்கு வெளியே நின்றார். "என்ன டீச்சர் இது, சந்தையா?"

நான் வாய் திறக்குமுன் அந்தச் சிறியவள் மணல் கையோடு எழும்பினாள். "சேர், உங்கட வாப்பா பறக்கத்துக்குக் குவிச்சு அளப்பாரா, மட்டமா அளப்பாரா?"

அவர் கண்கள் எங்களைத் தாண்டி எங்கோ போயின. "குவிச்சுத்தான் புள்ள," என்றார். பிறகு கரும்பலகையை ஒருமுறை வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தவணை நேரசூசியில் எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கு நேரே என் பெயரே இருந்தது. புதிய சேருக்கு விஞ்ஞானம் கொடுத்திருந்தார்கள். ஆனால் என் பாடத்தை எல்லா நாளும் கடைசிப் பாடவேளைக்கு மாற்றியிருந்தார் அதிபர். ஏன் என்று கேட்டேன். "சத்தம்," என்றார். மற்ற ஆசிரியர்கள் எனக்காகக் கவலைப்பட்டார்கள். வெயிலும் பசியுமாகப் பிள்ளைகள் தூங்கிவிழும் நேரமாம். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாடவேளைக்குப் பிறகு எங்களை அந்த மேசையைவிட்டுக் கிளப்ப வேறு பாடம் வராது.